விளையாடலாம் என்று சொன்னது நான்

என்னுடைய வேலை என்னவென்று அப்பாவுக்கு விளங்கப்படுத்த ஒரு மாரிகாலம் முழுக்கப் பிடித்தது. ஊர்காவற்றுறைக் கடலில் வலை இழுத்து இழுத்தே தோள் அகன்ற மனிதர் அவர். நான் கொழும்பில் விளையாட்டு விஞ்ஞானம் படித்துவிட்டு, தீவுப்பகுதியில் ஒரு கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு உடற்தகுதிப் பயிற்றுநராக வந்து சேர்ந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஏற்படுத்தின பதவி அது. "பந்து பழக்கிறது ரீச்சர். நான் பிள்ளையளின்ரை உடம்பைப் பழக்கிறனான்" என்றேன். பந்தைத் தொடாமல் பந்தாட்டத்துக்குச் சம்பளமோ என்று கேட்டுச் சிரித்தார். பிறகு ஒருநாள் மைதான வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை நான் குந்தி எழும்ப வைப்பதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பின்னேரம் வீட்டில் தன் தடித்த நைலோன் கயிற்றில் ஒரு துண்டை வெட்டித் தந்தார். இழுத்துப் பழகட்டும் என்றார்.

பழைய களஞ்சிய அறை ஒன்றை எங்களுக்கு ஒதுக்கித் தந்திருந்தார்கள். லொறி டயர்கள், மண் நிரப்பிய எண்ணெய்க் கான்கள், அப்பாவின் கயிறு, இரண்டு மரப்பெட்டிகள். இவற்றை வைத்துத்தான் தொடங்கினேன். ஆறு மாதத்தில் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கி இடுப்பில் கைவைத்து நிற்கிற அணியாக இருந்தவர்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் கோல் போடத் தொடங்கினார்கள். அதைவிட எனக்குப் பெரிய பெருமை வேறொன்றில் இருந்தது. இரண்டு பருவமாக ஒரு பிள்ளைக்கும் பெரிய காயம் வரவில்லை. பழைய மாணவர்களுக்கு நான் அனுப்பும் அறிக்கையில் அதைத்தான் முதல் வரியாக எழுதுவேன். கொழும்பில் என்னைப் படிப்பித்தவர்களுக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அணியில் எனக்கு மிகவும் பிடித்த பிள்ளை நெடுந்தீவுப் பிள்ளை. விடுதியில் தங்கிப் படித்தாள். நடுப் பின்வரிசையில் விளையாடுவாள். வந்த புதிதில் உயரமும் வேகமும் மட்டும்தான் இருந்தன. ஒருத்தி தோளால் இடித்தால் விழுந்துவிடுவாள். இரண்டு வருடத்தில் அவளை ஒருவராலும் அசைக்க முடியாமல் போனது. சொன்னதை அப்படியே செய்வாள். பத்துத் தரம் என்றால் பத்துத் தரம், நான் பார்க்காவிட்டாலும். அவள் பாரம் தூக்குவதைப் படம்பிடித்துப் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். நான் செய்து முடித்த ஒரு பொருளைக் காட்டுவது போலத்தான் காட்டினேன் என்று இப்போது தெரிகிறது.

மாகாண இறுதிப்போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பயிற்சி ஆட்டம் ஒன்றில் தலையால் பந்தை அடிக்கத் துள்ளினாள். இறங்கும்போது வலது முழங்கால் உள்ளுக்குச் சரிந்தது. பின்னேரத்துக்குள் மூட்டு வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் களஞ்சிய அறை வாங்கில் அவளைப் படுக்கவைத்து, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை மற்றக் கையால் மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். நல்ல முழங்கால் என்றால் ஒரு கட்டத்தில் நிற்கும். கயிறு இறுகினது போலக் கைக்குத் தெரியும். இடது கால் அப்படி நின்றது. வலது கால் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். மூட்டுக்குள் குறுக்காக ஓடுகிற, திரும்பும்போது காலைப் பிடித்து நிறுத்துகிற நார் அறுந்திருக்கிறது. அறுந்தால் ஒரு வருடம் விளையாட ஏலாது. சிலருக்கு ஒருபோதும் ஏலாது. கையை எடுத்தேன். "எப்பிடி அக்கா?" என்று கேட்டாள். வீக்கத்தோடு சரியாகச் சொல்ல முடியாது என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை; வீக்கம் இருந்தால் கை ஏமாறும் என்று படித்திருக்கிறோம். அந்த ஒரு வரியை நான் பிடித்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஸ்கான் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார்கள். ஸ்கான் எடுக்கத் தந்த நாள் இறுதிப்போட்டிக்குப் பிறகு வந்தது. கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் அதை ஒரு கிழமைக்குள் எடுத்துத் தரக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். என்னைப் படிப்பித்தவர். அவருடைய இலக்கத்தை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அறிக்கையின் முதல் வரி போயிருக்கும். அந்த முறை பழைய மாணவர்கள் சிலர் இறுதிப்போட்டி பார்க்க நேரில் வருவதாக இருந்தார்கள்.

பத்து நாளில் வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது. அவள் நடந்தாள், பிறகு ஓடினாள். தேசிய இளையோர் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள் என்ற கதையும் வந்தது. அவள் என்னிடம் கெஞ்சவில்லை. ஒவ்வொரு நாளும் காலை வந்து களஞ்சிய அறை வாசலில் நின்று, இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்பாள்.

ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவர், இருபது வருடத்துக்கு மேலாக அந்த அணியைப் பழக்குகிறார். சத்தம் போடமாட்டார். போட்டிக்கு நான்கு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டு, "எனக்கு உந்த முழங்கால் விசயம் தெரியாது. நீர் படிச்சனீர். நீர் வேண்டாம் எண்டா நான் அவளை இறக்கமாட்டன். உம்மட சொல்லுத்தான்" என்றார். அவர் என்னை நெருக்கினார் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

மறுநாள் காலை அவளைச் சோதித்தேன். எங்கள் சோதனையில் நான்கு பகுதி. நேராக ஓட வேண்டும். ஒற்றைக்காலில் மூன்று துள்ளல் துள்ள வேண்டும். பெட்டியிலிருந்து குதித்து இறங்க வேண்டும். கடைசியாக, அரை வேகத்தில் ஓடிவந்து, நான் கை காட்டுகிற பக்கம் சட்டென்று வெட்டித் திரும்ப வேண்டும். முதல் மூன்றையும் செய்தாள். நன்றாகவே செய்தாள். கால் பலமாக இருந்தது. அந்தப் பலம் நான் கொடுத்தது. நார் இல்லாத முழங்காலைத் தசை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கியது. நாலாவதற்குக் கூம்புகளை வைக்கக் குனிந்தேன். வைக்கவில்லை. திரும்பவும் அடுக்கிப் பைக்குள் போட்டேன்.

"அவ்வளவுதானோ அக்கா?" என்றாள்.

"ஓம். காணும்."

ரீச்சரிடம் போய், விளையாடலாம் என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். சரி என்றார்.

நாலாவது சோதனையை வைத்திருந்தால் அவள் அந்த மைதானத்திலேயே, என் முன்னால், மெதுவாக விழுந்திருப்பாள். அதற்காகத்தான் அதை விட்டேன். மறந்துவிட்டேன் என்று எவருக்கும் சொல்லிவிடலாம். மறக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போட்டியன்று வெயில் கடுமை. முதல் பாதியின் நடுவில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி பந்தோடு உள்ளே வெட்டினாள். எங்கள் பிள்ளை அவளைத் துரத்திக்கொண்டு திரும்பினாள். ஒருவரும் அவளைத் தொடவில்லை. வலது கால் நிலத்தில் நின்றது. உடம்பு மற்றப் பக்கம் போனது. விழுந்தவள் கத்தவில்லை. நான் ஐஸ் பெட்டியோடு ஓடிப் போனபோது இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்தியபடி கிடந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நான் காலைச் சரியா வைக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

இறங்கும்போது முழங்கால் உள்ளுக்குப் போகக்கூடாது, பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்று நான் அவளுக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். தான் அதைப் பிழையாகச் செய்துவிட்டதாக நினைத்தாள். இல்லை பிள்ளை, இது உன் பிழை இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "இப்ப கதையாதையும், ஆறுதலாப் படும்" என்றேன். அதோடு நிற்கவில்லை. இடைவேளையில் ரீச்சர் என்ன நடந்தது என்று கேட்டபோது, கால் வைத்த விதம் பிழைத்துவிட்டது என்றேன். அவள் பக்கத்தில் வாங்கில் படுத்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடித் தலையை ஆட்டினாள்.

போட்டியில் தோற்றோம். அது எனக்கு இப்போது சரியாக நினைவில்கூட இல்லை.

ஸ்கான் எடுத்த பிறகு டொக்டரிடம் போனது நானும் அவளுடைய அம்மாவும். பிள்ளை வெளியே சக்கரக் கதிரையில் இருந்தாள். அம்மா விடியக் காலைப் படகில் வெளிக்கிட்டு, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வந்திருந்தா. இரண்டு மாடும் கொஞ்சக் கோழியும் வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கிறவ, தகப்பன் இல்லை. டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளவயதுக்காரர். ஆங்கிலத்தில்தான் கதைத்தார். படத்தை வெளிச்சத்தில் வைத்து எனக்குக் காட்டினார். நார் முழுக்க அறுந்திருக்கிறது, ஆனால் அது இப்போது அறுந்தது இல்லை, சில கிழமைக்கு முந்தியே அறுந்தது என்றார். அதோடு விளையாடினபடியால் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற சவ்வும் சிதைந்துவிட்டது, அதை முழுதாகத் திருத்த ஏலாது என்றார். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுத்து, யார் இவளை விளையாட விட்டது என்று கேட்டார்.

பாடசாலையில் எடுத்த முடிவு என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மா என் கையைத் தொட்டா. "என்னவாம் தங்கச்சி?"

"நார் அறுந்திட்டுதாம். ஒப்பரேசன் செய்ய வேணுமாம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

டொக்டர் என்னையும் அவவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னது குறைவாக இருக்கிறது என்று அவருக்கு விளங்கியிருக்கும். எவ்வளவு குறைவு என்று விளங்கியிருக்காது. வெளியே வந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் கூட வந்திராவிட்டால் தனக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது என்று சொல்லி நன்றி சொன்னா.

சத்திரசிகிச்சைக்கு முறை வர எட்டு மாதம் எடுத்தது. அது முடிந்த பிறகு கிழமைக்கொருதரம் நெடுந்தீவுக்குப் போகத் தொடங்கினேன். சனிக்கிழமை காலை ஸ்கூட்டியில் வேலணை, மடத்துவெளி தாண்டிக் குறிகட்டுவானுக்குப் போய், வண்டியை அங்கே விட்டுவிட்டுப் படகில் ஒரு மணித்தியாலம். காலை மடக்கப் பழக்கினேன், நீட்டப் பழக்கினேன். படகில் ஏறவும் இறங்கவும் பழக்கினேன்; கடல் கொந்தளிக்கும் நாளில் படகு எழும்பித் தாழும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் என்னை உதாரணமாகச் சொன்னார். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு சட்டி தயிர் கட்டித் தருவா. வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று வாங்கிவருவேன். வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். எனக்கு அது இறங்கவில்லை.

குற்ற உணர்ச்சியால் செய்கிற நன்மை வெளியிலிருந்து பார்க்கச் சாதாரண நன்மை போலவே இருக்கிறது. அதுதான் அதில் மோசமான விசயம். அவளுடைய கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், மெதுவாக ஓடவும் செய்யலாம். பந்தாட ஏலாது. படிப்பு முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். மருத்துவச் சோதனையில் முழங்காலைப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்காகச் சிரித்தாள், நான் கவலைப்படுவேன் என்று.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி போகவில்லை. வேலை கூடிவிட்டது என்று சொன்னேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கனகாலத்துக்குப் பிறகு போனேன். வீட்டில் அம்மா, அவள் மைதானத்தில் நிற்கிறாள் என்றா. சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறாளாம், சும்மா, சம்பளம் இல்லாமல். பவளக்கல் அடுக்கிக் கட்டின வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு சிறுமிகள். ஒரு சீமெந்துத் திட்டில் ஏறி ஒவ்வொருத்தியாகக் குதித்து இறங்கினார்கள். ஒருத்தியின் முழங்கால் உள்ளுக்குச் சரிந்தது. அவள் அந்தப் பிள்ளையை நிறுத்தி, தன் காற்சட்டையை மேலே இழுத்து, முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டினாள்.

"பாருங்கோ. நான் ஒரேயொரு தரம் பிழையா வைச்சனான். இப்ப விளையாட ஏலாது. அக்கா எவ்வளவோ சொல்லித் தந்தவ. நான்தான் கவனிக்கேல்லை."

பிள்ளைகள் அந்தத் தழும்பைப் பயத்தோடு பார்த்தார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அவள் அதைத் தனக்குள் வைத்திருக்கிறாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இப்போது அடுத்த பன்னிரண்டு பேருக்கும் அதைப் படிப்பிக்கிறாள்.

சிறுமிகள் போன பிறகு அந்தச் சீமெந்துத் திட்டிலேயே இருவரும் இருந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கில் படுக்கவைத்து இழுத்துப் பார்த்தது, கைக்குத் தெரிந்தது, கொழும்புக்கு எடுக்காத அழைப்பு, கூம்புகளைத் திரும்பப் பைக்குள் போட்டது, டொக்டர் கேட்டது, அதை நான் அவளுடைய அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டது. அழக்கூடாது என்று தீர்மானித்துத்தான் தொடங்கினேன். அழுதால் அவள் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவாள்.

அவள் காற்சட்டையை மேலே இழுத்துவிட்டாள். தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அந்த நாலாவதைச் செய்ய விட்டிருந்தா நான் அண்டைக்கே விழுந்திருப்பனோ?"

"ஓம். ஆனா மெல்லமா. சவ்வு தப்பியிருக்கும்."

"அப்ப நான் காலைச் சரியாத்தான் வைச்சனான்."

"சரியாத்தான் வைச்சனீர். அந்தக் காலை எப்பிடி வைச்சாலும் நிண்டிராது."

எழும்பினாள். சிறுமிகள் விட்டுப்போன பந்துகளை ஒவ்வொன்றாக வலைப் பைக்குள் போட்டாள். உதவிக்கு எழும்பினேன், வேண்டாம் என்று கையால் காட்டினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மாட்டைச் சொல்லுறதெண்டா டொக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அரைவாசி சொல்லாதேங்கோ" என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் போகாமல் மற்றப் பாதையால் நடந்து போனாள்.

அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. வாசலில் நின்றபடி சொன்னேன். திருவுகிற கை நிற்கவில்லை. பாதித் தேங்காயும் முடிந்து, சிரட்டையைக் கீழே வைத்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தா. முழங்காலைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை.

"அண்டைக்கு நான் உங்களிட்டை, வேறை என்ன எண்டு கேட்டனான். எனக்கு இங்கிலீசு தெரியாதெண்டுதானே அப்பிடிச் சொன்னீங்கள்?"

பயத்தில் சொன்னேன் என்றேன். அது உண்மை. ஆனால் அவ சொன்னதும் உண்மை. அவவுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் நான் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன்? படகு வெளிக்கிடுகிற நேரமாகிவிட்டது, போங்கோ என்றா. குரலை உயர்த்தவில்லை. அன்று நான் வெறுங்கையோடு படகேறினேன்.

திங்கட்கிழமை ரீச்சரிடம் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டொரு வசனத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, "அண்டைக்கு உம்மட முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெரிஞ்சது, என்னவோ இருக்கெண்டு. நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கும் அவள் விளையாட வேணும் எண்டிருந்தது" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இல்லை. நான் அவரிடம் பாரத்தின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வந்தது போல்தான் இருந்தது.

பழைய மாணவர் சங்கத்துக்கும் அதிபருக்கும் எழுதிக் கொடுத்தேன். பதவியை விட்டுப் போகத் தயார் என்றும் எழுதினேன். அவர்கள் கூடிக் கதைத்தார்கள். கடைசியில், இத்தனை வருடத்துக்குப் பிறகு இதைக் கிளறி என்ன பயன் என்று சொல்லி என்னையே வைத்துக்கொண்டார்கள். அறிக்கையில் மட்டும் இதைப் போட வேண்டாம் என்றார்கள். நான் போட்டேன். ஒரு பிள்ளை விளையாடலாமா என்பதை இப்போது நான் தனியாகத் தீர்மானிப்பதில்லை. இன்னொரு ஆசிரியையும் பெற்றோரில் ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். சோதனையில் எது செய்தோம், எது செய்யவில்லை என்று அவர்களுக்கு விளங்குகிற மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். என்னை நான் நம்பாதபடியால் செய்த ஏற்பாடு இது. மற்றவர்கள் இதை நல்ல நிர்வாகம் என்கிறார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளோடு இருக்கும்போது இன்னமும் சந்தோசமாகத்தான் இருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டும். காலையில் கயிற்றை இழுத்துக்கொண்டு அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். சிரித்த பிறகு சில நாள் நெஞ்சுக்குள் ஒன்று இறுகும். சில நாள் இறுகுவதில்லை. இறுகாத நாள்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கூச்சம்.

அவளிடமிருந்து எட்டு மாதம் ஒரு செய்தியும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளை என்னைத் தேற்றுகிற வேலைக்கு இழுக்கக்கூடாது என்று நினைத்தேன். இந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம் தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. முன்னர் எந்தச் செய்தியையும் அக்கா என்று தொடங்குவாள். இதில் அது இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி விழுந்துவிட்டாள், முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் நடக்கிறாள், கிழமை முடிவில் ஒரு போட்டி இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

உடனே எழுதினேன். விளையாட விடவேண்டாம். நாளைக்கே யாழ்ப்பாணம் கொண்டுவரச் சொல்லும், ஸ்கானுக்கு நான் ஒழுங்கு செய்கிறேன், தாயையும் கட்டாயம் கூட்டிவரட்டும், டொக்டர் சொல்வதை முழுக்க அவவுக்குச் சொல்வதற்கு வேறு ஒருவரையும் கூட்டிவாரும் என்று.

பதில் கொஞ்சநேரம் கழித்து வந்தது. "பிள்ளையைக் காலமையே நிப்பாட்டிட்டன். தாயோடை நானே வாறன்."